கணக்கு கைமாறிய கதை

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1872-ம் ஆண்டு ஆரன் மாண்ட்காமரி வார்டு என்ற வணிகர் 163 பொருள்களின் பெயரையும் விலையையும் ஒற்றைத் தாளில் அச்சிட்டு விவசாயிகளுக்கு அனுப்பினார். கடைக்காரரின் முகத்தைப் பார்க்காமலே பொருள் வாங்கும் பழக்கம் அந்த நாட்டில் பெருவணிகமாக வளர்ந்தது அங்கிருந்துதான். பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்ற உறுதிமொழி, 1896-ல் கிராமத்து வீடுகளைத் தேடி வரத் தொடங்கிய தபால், 1913-ல் வந்த பார்சல் சேவை எல்லாம் சேர்ந்து சியர்ஸ் ரோபக் போன்ற நிறுவனங்களை நாட்டின் மிகப் பெரிய கடைகளாக்கின. இன்று இணையத்தில் மட்டுமே விற்கும் பிராண்டுகள் இந்தத் தபால்வழி வணிகத்தின் வாரிசுகள். செயற்கை நுண்ணறிவு இந்த பிராண்டுகளை என்ன செய்யப்போகிறது என்று கேட்பவர்களுக்கு, ஆரூடங்களைவிட இந்தப் பரம்பரையின் வரலாறு தெளிவான பதிலைத் தருகிறது. விளம்பரம் செய்வது ஒவ்வொரு முறை சுலபமானபோதும், வணிகர் தன் வாடிக்கையாளரைப் பற்றி வைத்திருந்த அறிவில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்திருக்கிறார். அந்தப் பங்கு விளம்பர இடத்தை விற்கிறவரின் கைக்குப் போயிருக்கிறது. ஏஐ இந்தக் கைமாற்றத்தின் கடைசித் தவணை என்பதே என் வாதம்.

பழைய தபால் வணிகர்கள் விளம்பரத்துக்குக் கணக்குப் பார்த்த முறையைச் சற்றுக் கிட்டத்தில் கவனிக்க வேண்டும். ஒரே பொருளின் விளம்பரத்தை நான்கைந்து பத்திரிகைகளில் போடுவார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வெட்டி அனுப்ப ஒரு கூப்பன் இருக்கும். கூப்பனிலுள்ள முகவரி எல்லாவற்றிலும் ஒன்றுபோலத் தெரியும். 'பிரிவு 7', 'பிரிவு 12' என்று ஓர் எண் மட்டும் மாறும். அலுவலகத்தில் அப்படியொரு பிரிவே இருக்காது. வந்து குவியும் உறைகளைக் குமாஸ்தா எண்வாரியாகப் பிரித்து எண்ணினால் போதும். எந்தப் பத்திரிகை, எந்தத் தலைப்பு எத்தனை ஆர்டரைக் கொண்டுவந்தது என்பது தெரிந்துவிடும். சிகாகோவின் லார்டு அண்ட் தாமஸ் விளம்பர நிறுவனத்தில் பேர்பெற்ற கிளாட் ஹாப்கின்ஸ், 1923-ல் வெளியிட்ட 'சயன்டிஃபிக் அட்வர்டைசிங்' நூலில் விளம்பரக் கலைக்குத் தபால்வழி வணிகமே பள்ளிக்கூடம் என்று வாதிட்டதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். இதில் முக்கியமானது, அந்தப் பேரேடு வணிகரின் மேஜையில் இருந்தது என்பது. பத்திரிகைக்காரருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. எந்தப் பக்கம் லாபம் தருகிறது என்று அறிந்தவர் வாங்குகிறவர், அறியாதவர் விற்கிறவர். ஆகவே பேரம் பேசும் பலம் வாங்குகிறவரிடம் இருந்தது. சென்னையில் தபால்வழி வியாபாரமும் விளம்பரம் சேகரிக்கும் வேலையும் செய்துவந்த எஸ்.எஸ். வாசன் 1928-ல் ஆனந்த விகடனை விலைக்கு வாங்கியபோது, அந்தக் கணக்கின் இரு பக்கமும் ஒரே ஆளிடம் வந்துசேர்ந்தது. அது அக்காலத்தில் விதிவிலக்கு. பிற்பாடு அதுவே விதியானது.

சியர்ஸ் தன் பெரிய விலைப்பட்டியல் புத்தகத்தை 1993-ல் நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஜூலையில் அமேசான் பதிவானது. அக்டோபர் 27-ல் 'ஹாட்வயர்டு' என்ற இணைய இதழ் ஏடி அண்ட் டி உள்ளிட்ட நிறுவனங்களின் பேனர் விளம்பரங்களைத் தாங்கி வந்தது. அந்த முதல் பேனரைப் பார்த்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் கிளிக் செய்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. புதுமை போனதும் அந்த விகிதம் ஒன்றுக்கும் கீழே சரிந்தது. அதே 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி குக்கீயை உருவாக்கினார். வந்தவரே திரும்ப வந்திருக்கிறாரா என்று ஓர் இணையதளம் நினைவில் வைத்துக்கொள்வதற்கான ஏற்பாடு அது. சில ஆண்டுகளில் டபுள்கிளிக் போன்ற விளம்பர நிறுவனங்கள் இதைப் பயன்படுத்தி, ஒரே ஆளைப் பல தளங்களில் பின்தொடரத் தொடங்கின. அச்சு ஊடகத்தில் கூப்பன் வெட்டி அனுப்பியவரை மட்டும்தான் எண்ண முடிந்தது; இங்கே பார்த்தவர், கிளிக் செய்தவர், வாங்கியவர் எல்லோரையும் எண்ணலாம் என்பது இணையத்தின் பெரிய வாக்குறுதி. வாக்குறுதி பொய்யில்லை. ஆனால் எண்ணும் கருவி விளம்பரம் பரிமாறும் சர்வரில் இருந்தது. கூப்பன்களை எண்ணிய குமாஸ்தா வணிகரிடம் சம்பளம் வாங்கினார். கிளிக்குகளை எண்ணும் சர்வர் விளம்பரத்தை விற்கிறவருடையது.

அடுத்த திருப்பம் ஏலம். கலிஃபோர்னியாவின் பில் கிராஸ் 1998-ல் தொடங்கிய கோடூ.காம் என்ற தேடுபொறியில், ஒரு சொல்லைத் தேடுகிறவர் முன் தன் பெயர் வர வேண்டுமானால் கிளிக்குக்கு எவ்வளவு தருவேன் என்று வணிகர் கேட்க வேண்டும். ஒரு சென்ட்டிலிருந்து ஏலம் தொடங்கும். அதிகம் கேட்டவர் மேலே. கூகுள் 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களுடன் ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கியபோது ஆயிரம் முறை காட்டுவதற்கு இவ்வளவு என்ற பழைய விலைமுறையைத்தான் வைத்திருந்தது. 2002 பிப்ரவரியில் அது ஏலத்துக்கு மாறியது, ஆனால் ஒரு திருத்தத்துடன். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செருப்பு விற்கும் ஒருவர் கிளிக்குக்கு 2 டாலர் கேட்கிறார். அவர் விளம்பரத்தை நூற்றுக்கு ஒருவர் கிளிக் செய்கிறார். இன்னொருவர் 1 டாலர்தான் கேட்கிறார்; அவருடையதை நூற்றுக்கு மூவர் கிளிக் செய்கிறார்கள். நூறு முறை காட்டினால் முன்னவரால் 2 டாலர், பின்னவரால் 3 டாலர் வரும். ஆகவே பின்னவர் மேலே. அவரும் முழு 1 டாலரையும் தர வேண்டாம். முன்னவரைத் தாண்டத் தேவையான 67 சென்ட் போதும். பயனுள்ள விளம்பரம் எழுதுகிறவருக்குத் தள்ளுபடி தரும் நேர்த்தியான ஏற்பாடு இது. 25 எழுத்துத் தலைப்பும் 35 எழுத்துகளில் இரண்டு வரிகளும் மட்டுமே அனுமதித்த அந்தச் சின்னப் பெட்டிக்குள் சாமர்த்தியமாக எழுதிய சிறு வணிகர் பெரிய நிறுவனத்தை முந்த முடிந்தது.

அதே கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எத்தனை பேர் கிளிக் செய்வார்கள் என்று மதிப்பிடுவது கூகுள். அந்த மதிப்பீடு இல்லாமல் ஏலத்தின் முடிவை யாரும் சரிபார்க்க முடியாது. விளம்பரத்தின் தரம், தளத்தின் வேகம், போட்டியின் கடுமை என்று சூத்திரத்தில் பின்னர் எத்தனையோ சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் சொல்லப்பட்டது. விலை எப்படி உருவாகிறது என்று விற்கிறவருக்குத் தெரியும். வாங்குகிறவர் அதை ஊகிக்க வேண்டும். அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில் கூகுளின் விளம்பரப் பிரிவு அதிகாரி ஜெர்ரி டிஷ்லர் 2023 செப்டம்பரில் அளித்த சாட்சியம் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. விளம்பரதாரர்களுக்குச் சொல்லாமலே ஏலத்தைச் சரிசெய்து விலையை 5 சதவீதம் அளவுக்கும், சில தேடல்களுக்கு 10 சதவீதம் வரையும் உயர்த்தியதுண்டு என்று அவர் ஒப்புக்கொண்டார். தேடல் வணிகத்தில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட்டில் தீர்ப்பளித்தார். ஏலம் என்ற சொல்லைக் கேட்டதும் சந்தையில் எல்லோர் கண்ணெதிரிலும் நடப்பது நினைவுக்கு வரும். இங்கே ஏலம் விடுகிறவர் தவிர மற்ற எல்லோருக்கும் திரை போடப்பட்டிருந்தது.

விளம்பரத்துக்குக் கொடுத்த காசு திரும்பி வந்ததா என்று பார்க்கும் கருவிகளும் இதே திசையில் போயின. அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கிய கூகுள் 2005 நவம்பரில் கூகுள் அனலிடிக்ஸை இலவசமாகவே கொடுத்தது. எந்தக் கிளிக்கிலிருந்து எந்த விற்பனை வந்தது என்று காட்டும் வசதி சிறு கடைகளுக்கும் எட்டியது. ஆனால் கிளிக்குக்குப் பின் நடந்த விற்பனையும் கிளிக்கால் நடந்த விற்பனையும் ஒன்றல்ல. ஈபே நிறுவனத்தில் பணியாற்றிய பொருளியலாளர்கள் 2012-ல் செய்த சோதனை இதைத் துல்லியமாகக் காட்டியது. 'ஈபே' என்ற பெயரையே தேடுகிறவர்களுக்கு யாஹூவிலும் மைக்ரோசாஃப்ட் தேடுபொறியிலும் காட்டிவந்த விளம்பரத்தை நிறுத்தினார்கள். இழந்திருக்க வேண்டிய கிளிக்குகளில் 99.5 சதவீதம் கீழேயிருந்த இலவச இணைப்பு வழியாகவே வந்துவிட்டன. தானாக வரவிருந்த வாடிக்கையாளருக்காகக் காசு கொடுத்திருக்கிறோம் என்பது தெரிந்தது. பிறகு சில வட்டாரங்களில் மட்டும் கூகுள் விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தபோது, புதியவர்களிடமும் எப்போதாவது வருகிறவர்களிடமும் விளம்பரம் வேலை செய்தது. அடிக்கடி வாங்குகிறவர்களிடம் செய்யவில்லை. செலவில் பெரும்பகுதி இவர்களுக்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்தச் சோதனையைச் செய்ய ஈபேயிடம் ஆளும் அறிவும் இருந்தன. திரையில் வந்த எண்ணை நம்பிய லட்சக்கணக்கான கடைகளிடம் இருக்கவில்லை.

ஃபேஸ்புக் 2007 நவம்பரில் தன் விளம்பர ஏற்பாட்டை அறிவித்தது. வணிக வரலாற்றில் அதைவிட முக்கியமானவை 2012-ம், 2013-ம். முதலாவதில் வந்த வசதி, ஒரு கடை தன் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல், தொலைபேசிப் பட்டியலை ஏற்றினால் அவர்களுக்கே விளம்பரம் காட்டுவது. அடுத்த ஆண்டு வந்தது, அந்தப் பட்டியலில் இருப்பவர்களைப் போன்ற புதியவர்களைத் தேடிக் கொடுப்பது. தபால் வணிகர் பூட்டிவைத்திருந்த ஒரே சொத்தான பெயர்ப் பட்டியலை வணிகர்கள் தாங்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். காரணம் எளிது: வசதி நன்றாக வேலை செய்தது. 2006-ல் தொடங்கிய ஷாப்பிஃபை கடை திறப்பதைச் சில மணி நேர வேலையாக்கியிருந்தது. ஃபேஸ்புக் கூட்டத்தைக் கொண்டுவந்தது. கண்ணாடி விற்ற வார்பி பார்க்கர், மெத்தை விற்ற கேஸ்பர் போல இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்கும் பிராண்டுகள் ஒரு தலைமுறையாகவே கிளம்பின.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். இந்தத் தளங்கள் இல்லாவிட்டால் இந்தச் சிறிய பிராண்டுகள் பிறந்தே இருக்காதே, தொலைக்காட்சி விளம்பரத்துக்குப் பணமில்லாத ஒருவருக்கு இது வரப்பிரசாதம் இல்லையா என்று கேட்கலாம். பாதி உண்மை. சவர பிளேடு விற்ற டாலர் ஷேவ் கிளப் 2012 மார்ச்சில் சுமார் 4,500 டாலரில் எடுத்த ஒரு யூடியூப் வீடியோ இரண்டே நாளில் 12,000 ஆர்டர்களைக் கொண்டுவந்தது. 2016-ல் யூனிலீவர் அந்த நிறுவனத்தைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. ஆனால் கதவு திறந்ததும் முதலில் நுழைந்தவர்களுக்கு மலிவாகக் கிடைத்த கவனம், பின்னால் வந்தவர்கள் ஏலத்தில் கூடக்கூட விலையேறியது. கேஸ்பர் 2016 தொடக்கத்திலிருந்து 2019 செப்டம்பர் வரை விளம்பரத்துக்கும் சந்தைப்படுத்தலுக்கும் செலவிட்டது 42 கோடி டாலருக்கு மேல். லாபம் வரவில்லை. 2020 பிப்ரவரியில் பங்கு 12 டாலருக்கு வெளியிடப்பட்டது. இரண்டு ஆண்டுக்குள் 6.90 டாலர் விலையில் அந்த நிறுவனம் தனியார் முதலீட்டாளர் கைக்குப் போனது. இடைத்தரகரை ஒழித்ததாகச் சொன்ன பிராண்டுகள், கடை வாடகையாகக் கொடுத்திருக்க வேண்டியதை ஃபேஸ்புக்குக்கும் கூகுளுக்கும் கொடுத்தன. நுழைவுக் கட்டணம் குறைந்தது, வாடகை குறையவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் 2021-ஐக் காட்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 26-ல் வெளியான ஐஓஎஸ் 14.5-ல், ஒரு செயலி பயனரைப் பின்தொடர வேண்டுமானால் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற விதியை ஆப்பிள் கொண்டுவந்தது. பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். 2022-ல் இதனால் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே மதிப்பிட்டது. ஒரே நாளில் அதன் பங்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. தளங்கள் சர்வ வல்லமை படைத்தவை அல்ல என்பதற்கு இது சான்றுதானே? தளங்களுக்கு இடையே சண்டை உண்டு என்பதற்குச் சான்று. அந்தச் சண்டையில் வணிகருக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் வேறு கதை. எந்த விளம்பரம் யாரை வாங்கவைத்தது என்ற தடயம் மெட்டாவிடம் குறைந்தது. அதைவிட வேகமாக வணிகரின் திரையிலிருந்து மறைந்தது. இடைவெளியை நிரப்ப மெட்டா ஊகத்தைக் கணினிக்கு விட்டது: பார்க்க முடியாததை மாதிரிகள் கணித்துச் சொல்லும். அதன் வருமானம் 2022-ல் 11,660 கோடி டாலராகச் சற்றே சறுக்கி, 2023-ல் 13,490 கோடிக்கும் 2024-ல் 16,450 கோடிக்கும் ஏறியது. தன் வாடிக்கையாளர் யார் என்று தெரியாமல் தளத்தை நம்பியிருந்த பிராண்டுகளுக்கு அப்படியொரு மீட்சி எல்லோருக்கும் கிட்டவில்லை.

ஏஐ இந்த வரலாற்றுக்குள் நுழைந்தது சாட்ஜிபிடியோடு அல்ல. ஏலத்தில் எவ்வளவு கேட்பது என்ற முடிவை கூகுள் 2016 முதலே இயந்திரக் கற்றலிடம் விட்டுவந்தது. 2021 நவம்பரில் கூகுள் எல்லோருக்கும் திறந்த பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் என்ற தானியங்கி விளம்பர ஏற்பாடும், 2022-ல் மெட்டா கொண்டுவந்த அட்வான்டேஜ் பிளஸ் ஷாப்பிங்கும் மிச்சமிருந்ததையும் எடுத்துக்கொண்டன. கடைக்காரர் தருவது சில படங்கள், சில வரிகள், பொருள்களின் பட்டியல், ஒரு பட்ஜெட். யாருக்கு, எங்கே, எந்த நேரம், எந்த வடிவில் என்பதெல்லாம் இயந்திரத்தின் முடிவு. பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸில் போட்ட பணம் தேடலுக்குப் போனதா, யூடியூபுக்குப் போனதா என்ற அடிப்படைக் கேள்விக்கே 2025 வரை ஒழுங்கான பதில் அறிக்கையில் இல்லை. படத்தையும் வரியையும் எழுதித் தரும் ஜெனரேட்டிவ் ஏஐ வந்தபின் அந்த வேலையும் மிஞ்சவில்லை. வணிகர் தன் இலக்கைச் சொல்லி வங்கிக் கணக்கை இணைத்தால் போதும், மீதியைத் தாங்கள் பார்த்துக்கொள்வோம் என்ற பொருளில் மார்க் சக்கர்பெர்க் 2025 மே மாதம் ஒரு பேட்டியில் சொன்னார். ஹாப்கின்ஸ் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை எது வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது. அந்தக் கண்டுபிடிப்பு இனியும் நடக்கும், முன்பைவிட வேகமாக நடக்கும். கற்றுக்கொள்வது மட்டும் வணிகராக இருக்காது.

வலுவான ஆட்சேபம் மூன்றாவது. எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் என்ன, செலவு குறைகிறதே? படப்பிடிப்பு, மாடல், எழுத்தர், ஏஜென்சி கட்டணம் எல்லாம் மிச்சம், விற்பனையும் ஏறுகிறது. இதை மறுக்க வேண்டியதில்லை. மிச்சமாகும் பணம் எங்கே போகிறது என்று கேட்டால் போதும். ஒரு கடைக்கு மட்டும் கிடைக்கும் கருவி அந்தக் கடைக்கு லாபம். எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்கும் கருவி, எல்லோரும் ஒரே ஏலத்தில் நிற்கும்போது, ஏலத் தொகையை ஏற்றிவிடும். ஒரு விற்பனையால் கூடுதலாக இரண்டு டாலர் நிற்கிறது என்றால், அதில் ஒன்றைக் கூட்டிக் கேட்கப் போட்டியாளர் தயங்க மாட்டார். விளம்பரங்களைப் பெருக்க முடியும். அவற்றைப் பார்க்கும் மனிதர்களின் நாளுக்கு 24 மணி நேரம்தான். மெட்டாவில் 2024-ல் காட்டப்பட்ட விளம்பரங்கள் 11 சதவீதம் கூடின. அதே ஆண்டு ஒரு விளம்பரத்தின் சராசரி விலையும் 10 சதவீதம் கூடியது. சரக்கு பெருகும்போது விலை இறங்கும் என்ற வழக்கமான எதிர்பார்ப்பு பொய்த்தது. விளம்பரங்கள் முன்பைவிட நன்றாக வேலை செய்ததால் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்று தளங்கள் விளக்கம் தரலாம். விளக்கம் சரியாகவே இருக்கட்டும். கூடிய பயனின் பெரும் பங்கை யார் எடுத்துக்கொண்டார் என்ற கேள்விக்கு அதுவே விடையாகிறது. இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஏலத்துக்கு வெளியே, கடைக்குள்ளே ஏஐ செய்யும் வேலைகளில் கிடைக்கும் மிச்சம் கடையிலேயே தங்கும். எந்த அளவுச் சட்டை எத்தனை தைக்க வேண்டும் என்று கணிப்பது, திரும்பி வரும் பார்சல்களின் காரணத்தை வகைப்படுத்துவது, இரவு இரண்டு மணிக்கு வரும் வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் சொல்வது போன்றவை அவை. இவற்றிலும் போட்டி உண்டு. ஆனால் நடுவில் நின்று பங்கு கேட்கும், ஏலம் விடுகிறவர் இல்லை.

இன்னொரு நம்பிக்கை, உரையாடும் ஏஐ இந்தத் தளங்களின் பிடியையே உடைத்துவிடும் என்பது. வாங்குகிறவர் தேடாமல் கேட்பார். விளம்பரத்துக்கு மயங்காத இயந்திரம் நல்ல பொருளைச் சொல்லும். சிறிய பிராண்டும் தரத்தால் ஜெயிக்கும். ஓபன்ஏஐ 2025 செப்டம்பரில் எட்ஸி என்ற இணையச் சந்தையின் கடைகளிலுள்ள பொருள்களைச் சாட்ஜிபிடிக்குள்ளேயே வாங்கும் வசதியைத் தொடங்கியபோது இந்த நம்பிக்கை பலமாகப் பேசப்பட்டது. வரலாறு இதையும் ஒருமுறை பார்த்துவிட்டது. செர்கே பிரின்னும் லாரி பேஜும் 1998-ல் தங்கள் தேடுபொறியைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பரத்தால் வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாய்ந்துதான் தீரும் என்று எச்சரித்தார்கள். இரண்டே ஆண்டில் ஆட்வேர்ட்ஸ் வந்தது. விளம்பரத்தைக் கடைசி வழியாகவே பார்ப்பதாக ஓபன்ஏஐயின் சாம் ஆல்ட்மேன் 2024-ல் சொன்னார். 2026 ஜனவரியில் அந்த நிறுவனம் அமெரிக்காவில் விளம்பரங்களைச் சோதிக்கப்போவதாக அறிவித்தது. இவர்களில் யாரும் பொய் சொன்னார்கள் என்று கருதத் தேவையில்லை. கோடிக்கணக்கானோரின் கவனம் ஒரே இடத்தில் குவிந்தால், அதை ஏலம் விடச் சொல்லும் அழுத்தம் நிறுவனரின் விருப்பத்தைவிடப் பெரிது.

ஆகவே பிராண்டு நடத்துகிறவர் ஏஐயை ஏற்பதா மறுப்பதா என்று விவாதிப்பதில் பயனில்லை. ஏலத்தில் நிற்கும்வரை அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும். அவருடைய கையில் இன்னும் மிச்சமிருக்கும் தேர்வு, கணக்கின் எந்தப் பகுதியைத் தானே வைத்துக்கொள்வது என்பது. எந்தத் தளத்தின் அனுமதியும் இல்லாமல் பேசக்கூடிய வாடிக்கையாளர் பட்டியல், இரண்டாம் முறை வாங்கியவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை, தளம் தரும் அறிக்கையைச் சரிபார்க்கத் தானே நடத்தும் சோதனை ஆகிய மூன்றும் இன்றைக்கும் சாத்தியம். சில மாவட்டங்களில் மட்டும் நான்கு வாரம் விளம்பரத்தை நிறுத்தி, மற்ற மாவட்டங்களோடு விற்பனையை ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிய நிறுவனமாக இருக்கத் தேவையில்லை. சில வாரம் விற்பனை குறைந்தாலும் தாங்கும் துணிச்சல் வேண்டும். அந்தச் சோதனையில் விற்பனை அதிகம் விழாவிட்டால், இவ்வளவு நாள் தன் வாடிக்கையாளரைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார் என்று பொருள். அடியோடு விழுந்தால், அவர் நடத்துவது பிராண்டு இல்லை, ஏலத்தில் வாங்கிய கவனத்தை மறுவிற்பனை செய்யும் தொழில். இரண்டில் எது உண்மை என்பதைத் தளத்தின் இயந்திரம் அவருக்காகக் கண்டுபிடித்துச் சொல்லாது. அந்த விடை தெரியாமல் அவர் செலவிடும் ஒவ்வொரு டாலரும்தான் அதன் வருமானம்.